செக்கிங் மேசையும் தேர்வு மேசையும்

மூலனூர் பேருந்து நிறுத்தத்தில் காலை ஆறரை மணிக்கு இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று, திருப்பூர் பனியன் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள். மற்றது, தாராபுரம் பக்கம் நீட் பயிற்சிக்குக் கிளம்பிய பிள்ளைகள். முதல் கூட்டத்தில் அம்மாவும் இரண்டாம் கூட்டத்தில் மகளுமாக நிற்கிற வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. அம்மாவுக்குச் செக்கிங் பிரிவு; நாள் முழுக்கத் துணியில் குறை தேடுவது வேலை. மகளும் நாள் முழுக்கக் குறைதான் தேடுகிறாள், நான்கு விடைகளில் மூன்றின் குறையை.

தேர்வறையில் பதறாமல் இருப்பது எப்படி என்று மகளுக்குச் சொல்ல ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, கைப்பேசியில் காணொளி இருக்கிறது. செக்கிங் மேசையில் பதறாமல் இருப்பதை அம்மாவுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். இரண்டு மேசைகளையும் அருகருகே போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. அதை இங்கே இழுக்கப் போவதில்லை. மேசையில் உட்கார்ந்தாயிற்று, இனி என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் அம்மாவின் மேசை. தலைக்கு மேல் டியூப்லைட், இடது பக்கம் பார்க்க வேண்டிய அடுக்கு, வலது பக்கம் பார்த்து முடித்த அடுக்கு, காலடியில் திருத்தித் தைக்க வேண்டியவற்றுக்கான ஆல்டர் கூடை. குழந்தை உடுப்பு ஒன்று கைக்கு வருகிறது. தேர்ந்த செக்கர் அதை முழுதாகப் பார்ப்பதே இல்லை. கண் கழுத்துப் பட்டியில் தொடங்கும். தோள் தையலை இரண்டு பெருவிரலாலும் இழுத்து, நூல் விடுகிறதா என்று பார்ப்பார். பிறகு கை, கைமடிப்பு, பக்கத் தையல், அடிமடிப்பு. அதன்பின் ஒரு கையை உடுப்புக்குள் விட்டு விரல்களை விரிப்பார். துணியில் ஊசி ஓட்டை இருந்தால் அது விரலின் நிறத்தில் புள்ளியாகத் தெரியும். கடைசியில் உள்பக்கம் திருப்பி ஓவர்லாக், லேபிள், பிசிறு. அடுத்த உடுப்புக்கும் இதே வரிசை, அதற்கடுத்ததற்கும் இதே வரிசை. ஒரு நாளும் அடிமடிப்பில் தொடங்க மாட்டார்.

மகளின் மேசையில் வினாத்தொகுப்பு, ஓஎம்ஆர் தாள், மையத்திலேயே கொடுத்த பந்துமுனைப் பேனா. 2025இலிருந்து கணக்கு எளிது: 180 நிமிடம், 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, மீதி 90 உயிரியல். கேள்விக்கு ஒரு நிமிடம். வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். நிதானமாக எழுதுகிற பிள்ளையின் பேனாவைக் கவனித்தால் அங்கேயும் ஒரு வரிசை தெரியும். கேள்வியின் கடைசிச் சொல்லில் முதலில் கண் போகும்: கேட்பது சரியானதையா, தவறானதையா? அடுத்து தரவு, அடுத்து நான்கு விடைகள், அடுத்து ஓஎம்ஆர் தாளில் கேள்வி எண், கடைசியில் வட்டம். மாதிரித் தேர்வுத் தாளை என்னிடம் கொண்டு வந்து காட்டிய பிள்ளைகள் அதிகம் நொந்துகொண்டது தெரியாத கேள்விகளுக்காக இல்லை. ‘தவறானது எது’ என்பதைச் ‘சரியானது எது’ என்று படித்துவிட்ட கேள்விகளுக்காகத்தான். துணியைப் பார்த்த கண் லேபிளைப் பார்க்காமல் விட்டது போல.

மனம் அமைதியானால் வேலை வரிசையாக வரும் என்பது பொது நம்பிக்கை. மேசையில் நடப்பது நேர்மாறு. வரிசை கைக்குப் பழகிவிட்டால், அடுத்து என்ன செய்வது என்று மனம் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியதில்லை. முடிவுகள் குறைந்தால் பதற்றம் ஒட்டிக்கொள்ளவும் இடம் குறைகிறது. பிள்ளையிடம் ‘அமைதியாக இரு’ என்று சொல்வதால் பயன் அதிகம் இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறோமே தவிர, எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்வதில்லை.

இரண்டு மேசைக்கும் பொதுவான இன்னொரு திறமை மறதி. எங்கள் தெருவில் பல வருடமாகச் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவரிடம், குறையுள்ள உடுப்பை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “போன பீஸையே நெனச்சுட்டு இருந்தா கையில இருக்கறதும் தப்பிப் போயிருமுங்க” என்றார். தேர்வறையில் இதே சறுக்கல்தான் நடக்கிறது. 31ஆம் கேள்வி விளங்கவில்லை என்றால் அது 31ஆம் கேள்வியோடு முடிந்துவிட வேண்டும். அதை 32க்கும் 33க்கும் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளை, ஒரு கேள்வியில் தோற்று மூன்றின் மதிப்பெண்ணை இழக்கிறது. கடினமான கேள்வியின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகர்வது, குறை உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கூடையில் போடுவதற்குச் சமம். ஒட்டியாயிற்று என்றால் அதை மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை, ஸ்டிக்கர் வைத்திருக்கும்.

இதுவரை ஒற்றுமை. இனி இரண்டும் பிரிகிற இடத்துக்கு வருவோம்.

அம்மாவின் எதிரி சலிப்பு. காலை எட்டரை மணிக்குத் தொடங்கி, ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு வரை ஒரே உடுப்பு, ஒரே நிறம். அவருக்கு இதயம் படபடப்பதில்லை. கண் திறந்தபடியே தூங்கப் பார்க்கும். மகளின் எதிரி படபடப்பு. தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளங்கை வியர்த்து ஓஎம்ஆர் தாள் நனைந்துவிடுமோ என்பது அவள் கவலை. இரண்டு நோயும் எதிரெதிர். ஆகவே மருந்தும் எதிரெதிராக இருக்கும் என்றே எதிர்பார்ப்போம்.

இங்கே 1908ஆம் ஆண்டின் ஓர் எலிச் சோதனையை நினைவுகூர வேண்டும். ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் எலிகளுக்கு வெளிச்சமும் இருட்டுமான இரண்டு பெட்டிகளை வேறுபடுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். தவறினால் சிறு மின்னதிர்ச்சி. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தபோது, அதிர்ச்சி மிகக் குறைந்தாலும் எலி மெதுவாகவே கற்றது, மிக அதிகமானாலும் மெதுவாகவே கற்றது, நடுவில்தான் விரைவு. பின்னால் வந்த உளவியலாளர்கள் இதை மனிதரின் மனக்கிளர்ச்சிக்கும் நீட்டி, ஒரு மேடு போன்ற கோடாக வரைந்தார்கள். அந்த மேட்டின் இடது சரிவில் சறுக்குகிறார் அம்மா. வலது சரிவில் சறுக்குகிறாள் மகள். இருவரும் ஏற வேண்டிய உச்சி ஒன்றுதான்.

இடது சரிவைப் பற்றிய நல்ல ஆய்வு 1948இல் வெளியானது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையை வெறித்துக்கொண்டிருந்த பிரிட்டன் விமானப்படையினர், நேரம் போகப் போகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று பார்க்க நார்மன் மக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் நொடிக்கு ஒருமுறை ஓர் அடி நகரும். அபூர்வமாக ஒருமுறை இரண்டு அடி தாவும். தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேர வேலை. முதல் அரை மணி நேரம் கடந்ததுமே கண்டுபிடிப்பு சரியத் தொடங்கியது. அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றி உட்காரவைத்தபோது சரியவில்லை.

திருப்பூருக்கு இந்த ஆய்வைப் படிக்காமலே விடை தெரிந்திருக்கிறது. அதன் பெயர் டீ டைம். மணி அடித்ததும் பேக்கரி வாசலில் கூடும் கூட்டத்தை வேலைக்கு இடைஞ்சல் என்று நினைக்கிற முதலாளியைவிட, அதுவும் செக்கிங்கின் ஒரு பகுதி என்று நினைக்கிறவருக்குத்தான் ஓட்டை விழுந்த பீஸ் குறைவாகத் திரும்பி வரும். தேர்வறையில் டீ டைம் கிடையாது. பகல் 2 மணி முதல் 5 மணி வரை ஒரே இருப்பு. ஆனாலும் சலிப்புக்கு மருந்தான சிறு இடைவெளி படபடப்புக்கும் மருந்தாகிறது என்பதுதான் எதிர்பாராத செய்தி. ஒரு பாடம் முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, ஜன்னலைப் பார்த்து நான்கைந்து முறை மெதுவாக மூச்சு விட அரை நிமிடம் போதும். 180 நிமிடத்தில் இரண்டு இடைவெளி என்றால் செலவு ஒரு நிமிடம். சலித்த கண்ணுக்கு இது விழிப்பு. படபடத்த நெஞ்சுக்கு இது தணிப்பு.

யெர்க்ஸை அதற்குள் வழியனுப்ப முடியாது. எலிகளை விட்டு ஒன்பது ஆண்டு கழித்து, 1917இல், அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, படையில் சேர்ந்தவர்களுக்குக் கூட்டமாகத் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கும் திட்டத்தை நடத்தியவர் அவரேதான். ஏறத்தாழ 17 லட்சம் பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். அதில் உடன் வேலை பார்த்த கார்ல் பிரிகாம்தான் பின்பு அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வை உருவாக்கினார். அது முதலில் நடந்தது 1926இல். கூட்டத் தேர்வின் பதற்றத்தை விளக்க இன்று நாம் வரையும் மேட்டுக்கோடும் கூட்டத் தேர்வும் ஒரே மனிதரின் மேசை வழியாக வந்திருக்கின்றன.

செக்கிங்குக்கும் போர்க்கால முன்னோர் உண்டு. முழுச் சரக்கையும் பிரித்துப் பார்க்க நேரமில்லாத அமெரிக்க ராணுவக் கொள்முதலுக்காக, எத்தனைக்கு எத்தனை எடுத்துப் பார்த்தால் போதும் என்ற அட்டவணைகள் இரண்டாம் உலகப் போரின்போது வளர்ந்து, 1950இல் ராணுவத் தரமாக வெளியாயின. அதன் வாரிசான ஐஎஸ்ஓ 2859தான் இன்று திருப்பூரில் ‘ஏக்யூஎல்’ என்ற மூன்றெழுத்தாக நடமாடுகிறது. கடைசி இன்ஸ்பெக்ஷன் நாளில் மேனேஜர் முகத்தைப் பார்த்தால் அதன் பொருள் தெரியும். 3,000 உருப்படிச் சரக்கில் ஆய்வாளர் 125ஐ உருவுவார். ஏக்யூஎல் 2.5 என்றால் ஏழு குறை வரை சரக்கு பாஸ். எட்டு வந்தால் தள்ளுபடி.

இந்த ஏழைக் கொஞ்சம் கையில் வைத்துப் பார்க்கலாம். தேர்வும் ஒரு சாம்பிள்தான். இரண்டு வருடப் பாடத்திலிருந்து 180ஐ உருவி எடுத்து, முழுச் சரக்கையும் அதை வைத்து மதிக்கிறார்கள். இப்போது மகள் செக்கர் இல்லை, அவளே சரக்கு. செக்கிங் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது: முதல் குறை சரக்கைத் தள்ளாது. ஆய்வாளர் முதல் உடுப்பிலேயே கறையைக் கண்டுபிடித்தாலும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. இன்னும் ஆறு பாக்கி இருக்கிறது. தேர்வறையிலோ, முதல் பக்கத்தில் தெரியாத கேள்வி ஒன்று வந்த உடனே மருத்துவக் கல்லூரிக் கதவு சாத்தப்பட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. 720க்கு 720 வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் கேட்கவில்லை. எத்தனை கேள்வி வரை இழந்தாலும் நினைத்த இடம் கிடைக்கும் என்பதை முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃபிலிருந்து கணக்குப் போட்டு, ஓர் எண்ணாகத் தெரிந்துகொண்டு உள்ளே போகிற பிள்ளைக்கு அந்த எண்தான் ‘ஏழு’. அது கையில் இருந்தால் தெரியாத கேள்வி வெறும் கணக்கு. இல்லாவிட்டால் அது சகுனம்.

நெகட்டிவ் மார்க் பயமும் இப்படித்தான். சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ‘தெரியாததைத் தொடாதே’ என்று பயமுறுத்தியே பிள்ளைகளை அனுப்புகிறோம். கணக்கு என்ன சொல்கிறது? நான்கு விடைகளும் ஒன்றுபோலத் தோன்ற, கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூட நீண்ட ஓட்டத்தில் கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். நான்கில் ஒருமுறை 4 வரும், மூன்றுமுறை 1 போகும். ஒரு விடையை நீக்க முடிந்தால் லாபம் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. குருட்டுக் குறிப்பை நான் பரிந்துரைக்கவில்லை. அதிர்ஷ்டம் ஒரு நாளில் எந்தப் பக்கமும் சாயும். ஆனால் இரண்டு விடைக்கு வந்துவிட்டுப் பயத்தால் காலியாக விடுவது கணக்குத் தெரியாத பயம்.

செக்கிங் மேசையில் இதன் உடன்பிறப்பைப் பார்க்கலாம். ஓட்டை விழுந்த உடுப்பு ஒன்று பேக்கிங் வரை போய்த் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அன்று மதியம் ஆல்டர் கூடை நிரம்பி வழியும். உண்மையில் குறை கூடியிருக்காது, கூடியது பயம். நல்ல உடுப்பும் கூடைக்குப் போகும், ஆல்டர் டெய்லர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “இதுல என்னக்கா இருக்குது?” என்று திருப்பி அனுப்புவார். குறையைத் தவறவிடுவது ஒரு நட்டம், இல்லாத குறையைக் காண்பது இன்னொரு நட்டம். பயந்த கண்ணுக்கு முதலாவது மட்டுமே நட்டமாகத் தெரிகிறது.

இனி, இரண்டு மேசையும் ஒட்டவே ஒட்டாத இடம். ஆல்டர் கூடை என்ற ஒன்று தேர்வறையில் இல்லை. பிரித்துத் தைக்கலாம், கறை எடுக்கலாம், பட்டன் மாற்றலாம். ஓஎம்ஆர் வட்டத்தைப் பேனாவால் நிரப்பியபின் மாற்ற முடியாது. அம்மாவின் தவறு அன்று மாலைக்குள் அவரிடமே திரும்பி வந்து கற்றுக்கொடுக்கிறது. மகளின் தவறு முடிவு வரும்வரை வாய் திறப்பதில்லை. நேரத்தின் நீளத்தில் அம்மாவின் வேலை கடினம்; திரும்ப முடியாமையில் மகளின் வேலை கடினம். எது பெரிது என்று என்னைக் கேட்டால், மூன்று மணி நேரத் திரும்ப முடியாமையைத்தான் சொல்வேன். பத்து மணி நேரச் சலிப்பைப் பழக்கம் பாதி தின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வருவதை எந்தப் பழக்கம் தின்னும்?

அளவுகோலே கோணலாகிவிட்டால்? கம்பெனியில் அப்ரூவல் சாம்பிள் மேலே தொங்கும்; சந்தேகம் வந்தால் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். தேர்வில் அளவுகோல் வினாத்தாள்தான், அதுவும் கோணலாகலாம். 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தமிழ் வரிக்கும் ஆங்கில வரிக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. நியாயமா என்பது வேறு பேச்சு. தமிழில் எழுதும் பிள்ளைக்கு அது சொல்லும் நடைமுறை ஒன்று உண்டு: தமிழ் வரி புரியாமல் முட்டினால் தன் மூளையைச் சந்தேகிக்குமுன் பக்கத்து ஆங்கில வரியைப் பார்ப்பது. அண்ணாந்து சாம்பிளைப் பார்க்கிற அதே கழுத்தசைவு.

கடைசியாக, மேசைக்கு வருமுன் நடப்பது. கம்பெனி வேனில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தாராபுரம் தாண்டும்வரை பேச்சு ஓயாது: வட்டிக்காரன், மாமியார், மகளின் கட்டணம், இந்த வருடம் பருத்தி என்ன விலைக்குப் போகும். மேசைக்குப் போகும்போது சொல்ல வேண்டிய கவலை பெரும்பாலும் சொல்லியாகிவிட்டிருக்கும். தேர்வு மையத்து வாசலில் நாம் செய்வது இதற்கு எதிர். பிள்ளை “பயமா இருக்குதும்மா” என்று வாய் திறந்தால், “அதெல்லாம் பேசாத கண்ணு, டென்ஷன் ஆகாத” என்று மூடிவிடுகிறோம். கவலை வாயில் தங்கி வட்டத்துக்கு வருகிறது. ஜெரார்டோ ராமிரஸும் சியான் பைலாக்கும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை எழுதித் தீர்த்த மாணவர்கள், குறிப்பாக எப்போதும் அதிகம் பதறுகிறவர்கள், நன்றாக எழுதினார்கள். எழுத நேரமில்லை என்றால் சொல்லித் தீர்க்கலாம். நுழைவாயில் ஒன்றரை மணிக்கு அடைக்கப்படும். அதற்கு முன் வரிசையில் நிற்கும் நேரம் தாராளம்.

நீட் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது. 2025இல் அது மே 4. அவசர ஆர்டர் இல்லாவிட்டால் கம்பெனிக்கு அன்று விடுமுறை. ஆகவே வெயிலில் பூட்டிய கதவுக்கு வெளியே, கிடைத்த நிழலில், செக்கிங் அம்மாக்கள் பலர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், மாதிரித் தேர்வுக்கு முந்தின நாள் மாலை பிள்ளையை அவருக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கையில் ஒரு பனியனைக் கொடுத்து, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டியிலிருந்து என்பார்.